சீனம் தெரிந்த பிள்ளைக்குப் பாடசாலை தேடும்போது

ஆசிரியர் அவர்கட்கு,

அனுமதிக் காலம் வந்தால் மட்டக்களப்பு – கல்முனை வீதி நெடுகிலும் சர்வதேசப் பாடசாலைகளின் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். கணினி, நீச்சல், கராத்தே என்று போகும் பட்டியலில் 'சீன மொழியும் கற்பிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், சில பெற்றோர் மற்றதையெல்லாம் பார்ப்பதில்லை. வியாபாரத்துக்காகச் சீனாவின் குவாங்சோவிலோ யிவூவிலோ குடும்பத்தோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், மலேசியாவில் பிள்ளையைச் சீனப் பாடசாலையில் விட்டிருந்தவர்கள் இவர்கள். பிள்ளை படித்த சீனம் வீணாகக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பாடசாலையைப் பரீட்சையையும் பாடத்திட்டத்தையும் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். சீனத்தை வீட்டில் வைத்துத்தான் காப்பாற்ற முடியும். இரண்டையும் ஒரே கட்டணத்தில் வாங்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கின்றன.

பாடசாலைச் சீன வகுப்பு என்றால் பொதுவாக வாரத்துக்கு ஓரிரு பாடவேளை. வணக்கம் சொல்வது, எண்கள், நிறங்கள், வீட்டில் எத்தனை பேர் என்ற அளவில் நிற்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அது நல்ல வகுப்பு. சீனாவில் 2 ஆம் வகுப்பு முடித்து வந்த பிள்ளையின் கதை வேறு. அந்நாட்டுப் பாடத்திட்டப்படி 2 ஆம் வகுப்பு முடிவில் ஏறத்தாழ 1600 எழுத்துகளை வாசிக்கவும் அவற்றில் 800 ஐ எழுதவும் தெரிய வேண்டும். 4 ஆம் வகுப்பு முடிவில் வாசிக்க 2500, எழுத 1600. 6 ஆம் வகுப்பு முடிவில் வாசிக்க 3000, எழுத 2500. இப்படிப்பட்ட பிள்ளையை எண்கள் படிக்கும் வகுப்பில் இருத்தினால் டீச்சருக்குக் கைகொடுக்கும் பிள்ளையாகிவிடும். எல்லோரும் மெச்சுவார்கள், புள்ளி 100 வரும். எழுதத் தெரிந்தவை மட்டும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே அதிபரிடம் 'சீனம் இருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. யார் கற்பிக்கிறார், எந்தப் பாடநூல், எந்த மட்டம் வரை, கடைசியாக எந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று கேளுங்கள். நான்காவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்த வகுப்பை இல்லை என்றே எண்ணிக்கொள்ளலாம். அடுத்து, அந்தப் பாடசாலையே கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்சல் என்ற பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் மையமா, இல்லை பிள்ளைகளைத் தயார்படுத்தி வேறு மையத்துக்கு அனுப்புகிறதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. பெயரில் 'சர்வதேச' என்று இருப்பது எதற்கும் சான்றல்ல. மைய அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீனத்துக்கு இந்த மைய விடயம் ஏன் முக்கியம் என்றால், கேம்பிரிட்ஜின் சாதாரண தர மட்டப் பரீட்சையான ஐ.ஜி.சி.எஸ்.ஈ.யில் அந்நிய மொழியாக எடுக்கும் மண்டரின், அதாவது பொதுச் சீனப் பாடத்துக்கு (இலக்கம் 0547) கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 வீதம். பேச்சுப் பரீட்சையை நடத்திப் பதிவுசெய்ய அந்த மையத்திலேயே சீனம் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படியொருவர் இல்லாத மையத்தில் பிள்ளை எவ்வளவு சரளமாகப் பேசினாலும் பாடத்துக்குப் பதிவுசெய்வதிலேயே சிக்கல் வரும். இது தரம் 10 இல் தெரியவந்தால் காலம் கடந்துவிட்டது. சேர்க்கும்போதே கேட்க வேண்டியது. முதல் மொழிச் சீனம் (0509) என்று இன்னொரு பாடம் உண்டு. அதில் வாசிப்பும் எழுத்தும் மட்டுமே, பேச்சுப் பரீட்சை இல்லை. கட்டுரை தாராளமாக எழுதக்கூடிய, சீனாவில் ஆரம்பக் கல்வியை முடித்த பிள்ளைக்கு அது பொருந்தும். 2 ஆம் வகுப்போடு வந்த பிள்ளையை அதற்கு இழுப்பது அநியாயம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பாடசாலைகள் தாமாகச் சொல்வதில்லை. அரச பல்கலைக்கழகங்களுக்கான வழக்கமான அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் (பாடங்களுக்கிடையே ஒப்பிடச் சமப்படுத்திய புள்ளி) நடக்கிறது. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. லண்டன் சிலபஸில், அதாவது கேம்பிரிட்ஜ், எடெக்சல் பாடத்திட்டத்தில், போகும் பிள்ளை இந்த வாசலை விட்டு விலகுகிறது. வெளிநாட்டில் படிப்பிக்கத் திட்டமும் வசதியும் இருந்தால் சரி. இல்லாவிட்டால், இங்கிலிஷ் மீடியத்தில் உள்ளூர்ப் பாடத்திட்டமும் நடத்தும் பாடசாலையைப் பாருங்கள். அங்கே போனால் சீனம் கைநழுவும் என்ற பயமும் வேண்டாம். க.பொ.த. சாதாரண தரத் தெரிவுப் பாடங்களிலும் உயர்தரப் பாடப் பட்டியலிலும் சீனம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதை எடுப்பார் இல்லை, அவ்வளவுதான்.

இனி வீட்டு வேலை. முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். சீன ஆரம்பப் பாடசாலை மொழிப் பாடநூல் வகுப்புக்கு இரண்டு தொகுதி. ஒவ்வொன்றின் கடைசியிலும் வாசிக்க வேண்டிய எழுத்துகள் ஒரு பட்டியலாகவும் எழுத வேண்டியவை இன்னொரு பட்டியலாகவும் இருக்கும். அந்நாட்டுக் கல்வி அமைச்சின் இணையத் தளத்தில் நூல்களை இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளை கடைசியாகப் படித்த தொகுதியில் எழுத வேண்டியவற்றின் பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 50 ஐத் தெரிந்து சொல்வதெழுதுதல் வையுங்கள். 40 க்குக் குறைந்தால் ஒரு தொகுதி பின்னால் போங்கள், அங்கும் குறைந்தால் இன்னும் ஒன்று. 'நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளையை இரண்டாம் புத்தகத்துக்கு இறக்குவதா' என்று மனம் நோக வேண்டாம். அடி ஆடும் மதிலில் கல் அடுக்கிப் பயனில்லை.

வேகம் பற்றி. நாளுக்கு 2 புதிய எழுத்து, வாரத்தில் 5 நாள், வருடத்தில் 40 வாரம் என்று வைத்தால் 400. சீனாவில் 3, 4 ஆம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடத்தில் எழுதப் பழகும் அளவும் அதுதான் (இரண்டு வருடத்தில் 800). ஆகவே நாளுக்கு 20 நிமிடம் விடாமல் செய்யும் பிள்ளை பெரிதாகப் பின்தங்காது. விடுமுறை நாளில் மூன்று மணித்தியாலம் இருத்தி எழுதவைப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் எழுத்து மறப்பது இடைவெளியில்தான். புதிய எழுத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரத்தில், மூன்று வாரத்தில் என நான்கு தடவை பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஒரே எழுத்தை இருபது தரம் எழுதவைப்பது கைக்குத்தான் பயிற்சி. ஐந்தாவது தரத்துக்குப் பிறகு பிள்ளை மேலே இருப்பதைப் பார்த்துக் கீறுகிறது.

கொப்பிக்கு அலைய வேண்டாம். சீனப் பிள்ளைகள் எழுதும் கொப்பியில் ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் ஒரு சிலுவைக் கோடு இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சதுரக் கோட்டுக் கணக்குக் கொப்பியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கட்டங்களைச் சேர்த்துப் பேனையால் வெளிக்கோடு போட்டால் அதே பெட்டி வந்துவிடும். எழுத்தின் இடப் பாகம் கோட்டுக்கு இடப் பக்கத்திலும் வலப் பாகம் மறு பக்கத்திலும் அடங்குகிறதா என்று சீனம் தெரியாத தாயும் பார்த்துச் சொல்லலாம். கீறும் ஒழுங்கையும் கவனியுங்கள்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டி வடிவ எழுத்தில் உள்ளே இருப்பதை எழுதிய பிறகே அடிக்கோட்டை மூடுவது. ஒழுங்கு குழம்பினால் வேகமாக எழுதும்போது உருக் கெடும்.

வீட்டில் சீனம் தெரிந்தவர் இல்லை என்றால் சொல்வதெழுதுதலை, சீன ஒலியை ஆங்கில எழுத்தில் காட்டும் பின்யினைப் பார்த்துப் பெற்றோர் வாசிக்கக் கூடாது. தொனி பிழைத்தால் வேறு சொல்லாகிவிடும், பிள்ளையும் அந்தப் பிழையைப் பழகிக்கொள்ளும். ஆசிரியரிடம் குரல் பதிவாக வாங்கி வையுங்கள். பிள்ளை எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது யாராலும் முடியும்.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் ஓர் இடறலும் உண்டு. பின்யினில் b என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியைப் போடுவார்கள். சீனத்தில் அது நாம் 'பல்' என்று சொல்லும் ப. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து 'பல்' என்று சொன்னால் தாள் அசையாது. பின்யினின் மற்ற எழுத்தான p இல் மூச்சு வெடித்துத் தாள் ஆட வேண்டும். த, க இணைகளுக்கும் (d–t, g–k) இதே சோதனைதான். தமிழில் இந்த மூச்சு வேறுபாடு இல்லாததால் ஊர் வந்த சில மாதங்களில் முதலில் மங்குவது இதுவே. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் ழ, ட பழகிய வாய்க்கு இலகுவாக நிற்கும்.

போனில் சீனம் தட்டச்சு செய்வதை எழுத்துப் பயிற்சியாக எண்ணிவிட வேண்டாம். பின்யினைத் தட்டினால் எழுத்துகளை வரிசையாகப் போனே காட்டும். பிள்ளை தெரிவு மட்டும் செய்கிறது. வாசிப்பு நிற்கும், கை மறக்கும். பழைய வகுப்புத் தோழர்களோடு குரல் செய்தி பரிமாறட்டும், அது பேச்சுக்கு நல்லது.

இணையவழி ஆசிரியர் என்றால் நேரத்தைப் பாருங்கள். சீனா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். நமக்கு மாலை 6.30 என்றால் அங்கே இரவு 9 மணி. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பிள்ளைகள் மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் மத்ரசாவுக்குப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகளை 4 மணிக்கு ரியூசன் இழுக்கும். மிஞ்சுவது பாடசாலை விட்டுச் சாப்பிட்ட பின் 2.30 க்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட நேரம். அங்கே அது மாலை 5 முதல் 6.30, ஆசிரியர்களும் அகப்படுவார்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஒரே ஆசிரியர். பாடநூலும் பிள்ளை முன்பு படித்ததாகவே இருக்கட்டும். ஹொங்கொங்கிலோ தாய்வானிலோ இருந்து வந்த பிள்ளை பழைய வடிவ எழுத்தைப் படித்திருக்கும். சீனா, மலேசியா, சிங்கப்பூர் பிள்ளைகள் எளிமையாக்கிய வடிவம். இதைச் சொல்லாமல் ஆசிரியரைப் பிடித்தால் முதல் மாதமே குழப்பம்.

அளவுகோலாகச் சிறுவர்களுக்கான வை.சி.டி. பரீட்சை நான்கு தரம்: 80, 150, 300, 600 சொற்கள். பெரியவர்களுக்கான எச்.எஸ்.கே. பரீட்சையின் பழைய ஆறு தர அளவுகோலில் முதலாவது 150 சொல், மூன்றாவது 600, ஆறாவது 5000. முதல் இரண்டு தரங்களில் எழுத்துக்கு மேல் பின்யின் இருக்கும், எழுத வேண்டியதும் இல்லை. மெய்யான சோதனை மூன்றாம் தரத்தில்தான். 2021 இல் ஒன்பது தரங்கொண்ட புதிய அளவுகோல் வந்துவிட்டதால் பயிற்சி நூல் வாங்கும்போது எதற்கு உரியது என்று அட்டையைப் பாருங்கள். சீனப் பல்கலைக்கழக அனுமதிக்கு எச்.எஸ்.கே. பெறுபேறு இரண்டு வருடமே செல்லும். பாடசாலையில் தரம் 7 படிக்கும் பிள்ளைக்கு அவசரப்பட்டுச் சான்றிதழ் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவதில் அர்த்தமில்லை.

தமிழையும் இதே கொப்பிக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரண தரத்தில் தாய்மொழி கட்டாயப் பாடம். உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு மாற நினைப்பவர்கள் தரம் 6 க்குள் பிள்ளையைத் தமிழில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதப் பழக்காவிட்டால், சீனத்துக்கு ஒதுக்கிய நேரமும் பின்னர் தமிழ் ரியூசனுக்கே போய்விடும்.

பாடசாலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் சீன மொழி கற்பித்துப் பரீட்சையும் நடத்தும் கன்பியூசியஸ் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பரீட்சைக்காக மட்டக்களப்பிலிருந்து பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் போய் வருவது எல்லோராலும் முடியாது. மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையுள்ள பாடசாலைகள் தனித்தனியாக ஆரம்ப வகுப்பு நடத்தி விளம்பரம் போடுவதை விட்டு, ஏற்கெனவே சீனம் படித்த பிள்ளைகளின் பெயர், வகுப்பு, படித்த நாடு மூன்றையும் ஒரு பட்டியலாக்கிக் கூட்டாக ஓர் ஆசிரியரை அமர்த்தலாம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் தொகையைக் காட்டினால் பரீட்சைக்கு ஒரு மண்டபம் கேட்பது பெரிய காரியமல்ல. அது நடக்கும் வரை, அந்நிய மொழிப் பாடவேளையில் இந்தப் பிள்ளைகள் தங்கள் சீனக் கொப்பியோடு நூலகத்தில் இருக்க அனுமதித்தாலே போதும்.

இப்படிக்கு,
சீன மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை.