நீ சொன்னதுதான் சரி, பாலு

பர்மிங்ஹாம்
16-06-2024

அன்புள்ள பாலு,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், நியாயம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளை நன்றாகச் சமைக்கிறார், குளிர்தான் ஜூனிலும் போகமாட்டேன் என்கிறது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? வாத்தியாரைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி வந்துவிட்டது! நம் ஹெவி மெட்டல் குழு பிளாக் சப்பாத்தின் 'ஆனோ டொமினி 1989–1995'. மே 31 அன்று வெளியானது, மகள் வாங்கித் தந்தாள். நம் நாலு ஆல்பமும் அதில் இருக்கின்றன: 'ஹெட்லெஸ் கிராஸ்', 'டீர்', 'கிராஸ் பர்ப்பஸஸ்', 'ஃபர்பிடன்'. கூடவே ஒரு புத்தகம், போஸ்டர், அந்தக் காலத்து டூர் புத்தகத்தின் நகல். இத்தனை வருடமாக இவை கடையிலும் கிடைக்காமல், ஸ்ட்ரீமிங்கிலும் இல்லாமல் கிடந்தன. முதல் பாடகர் ஆஸி பாடியவற்றைத் திரும்பத் திரும்பப் புதுப் பதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், இந்த நாலிலும் பாடிய டோனி மார்ட்டினை யாரும் சீண்டவில்லை. முதலில் நம்மிடம் இருந்ததெல்லாம் சேகர் பதிவுசெய்து கொடுத்த அந்த 90 நிமிடக் கேசட்தான். ஒரு பக்கம் 'ஹெட்லெஸ் கிராஸ்', மறுபக்கம் 'டீர்', இரண்டும் அளவெடுத்தது போல அடங்கும். அவன் அம்மா அதற்கு வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? மாவு மிஷின்!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 'ஃபர்பிடன்' பற்றி.

1996இல் உன் வீட்டு மொட்டை மாடியில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். சேகரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். முதல் பாட்டிலேயே ராப் பாடகர் ஐஸ்-டி வந்து பேசுகிறார், தயாரிப்பாளர் அவருடைய பாடி கவுண்ட் குழுவின் எர்னி ஸி. இது சப்பாத்தே இல்லை, குப்பை என்று நான் கத்தினேன். நீ மட்டும், "பாட்டெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு, பதிவுதான் கெட்டுப்போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உனக்குக் காது இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். இரண்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. சேகர் பரோட்டா வாங்கிவந்து சேர்த்துவைத்தான்.

பாலு, நம் கிடாரிஸ்ட் டோனி ஐயோமி 'ஃபர்பிடனை' முழுக்க மறுபடியும் மிக்ஸ் செய்திருக்கிறார். கிடார் ஒலி அவருக்கே பிடிக்கவில்லையாம், கோஸி பவலுக்கும் தன் ட்ரம்ஸ் கேட்ட விதத்தில் திருப்தி இல்லையாம். பாட்டு அதேதான், வாசித்ததும் அதேதான். பதிவில் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார். 28 வருடத்துக்கு முன்னால் நீ சொன்னதை இப்போது அவரே சொல்கிறார்.

நேற்று இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு அந்த ட்ரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. இப்போது ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து இறங்குகிறது. அதன் மேல் ஐயோமியின் கிடார், பாறாங்கல்லை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. மார்ட்டின் குரல் பின்னால் எங்கோ ஒதுங்கிக் கிடந்ததே, அது நடுவில் வந்து நிற்கிறது. மூன்றாவது பாட்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கோஸி 1998இல் கார் விபத்தில் போய்விட்டார். இதைக் கேட்க அவர் இல்லையே என்று தோன்றியதும் தூக்கம் போய்விட்டது.

மார்ட்டினை நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. 1987இல் ரே கில்லன் பாடி முடித்த 'தி எடர்னல் ஐடல்' ஆல்பத்தை வந்த வேகத்தில் புதிதாகப் பாடிக் கொடுத்தவர். (அது இந்தப் பெட்டியில் இல்லை, வேறு கம்பெனி.) நாலு வருடம் குழுவைத் தாங்கிப் பிடித்தார், பழைய பாடகர் டியோ திரும்பி வந்ததும் வெளியே. டியோ போனதும் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார், இன்னும் இரண்டு ஆல்பம். 1997இல் ஆஸியோடு பழைய ஆட்கள் சேர்ந்ததும் மறுபடி வெளியே. இங்கே பிராட் தெருவில் கால்வாய்ப் பாலத்துக்கே சப்பாத் பெயர் வைத்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் ஒரு பெஞ்சு, அதில் பழைய நாலு பேர் முகம். மார்ட்டினும் இந்த ஊர்க்காரர்தான்டா! அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று காலை ஹெட்லெஸ் கிராஸுக்கே போய்வந்தோம். அது நிஜமாகவே ஒரு ஊர், தெரியுமா? இங்கிருந்து ரயிலில் ரெடிச் போய், அங்கிருந்து மேடேறவேண்டும். ரெடிச் ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர். பேயும் பிசாசும் உலாவும் இடம் என்று நாம் கற்பனை செய்துவைத்திருந்தோமே, வீடுகளும் பஸ் ஸ்டாப்பும்தான் இருக்கின்றன. ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். நான் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுப்பதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உனக்கும் சேகருக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

இப்போது ஒரே ஒரு கவலை. பெட்டியில் புது மிக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, 1995 மிக்ஸ் இல்லை. அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் நாம் சண்டை போட்டது அதை வைத்துத்தானே? இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் ஐயோமி எதைத் தொட்டிருக்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று புரியும். அந்தச் சிங்கப்பூர்க் கேசட் உன்னிடம்தான் இருந்தது. பரணில் தேடு. பூஞ்சை பிடித்திருந்தால் நீயே எதுவும் செய்யாதே, வெயிலில் வைக்காதே, துணியில் சுற்றி அப்படியே வை.

ஜூலை 9 ஊருக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைக் காலி செய்து வை, சேகரிடமும் சொல்லிவிடு. பரோட்டா இந்த முறை நான் வாங்கிவருகிறேன்.

அன்புடன்,
ரவி