அந்த நாலாவது ஸ்க்ரூ

கண்ணு,

ஊருக்கு வந்து ரெண்டு வாரமாச்சு, ஆனா ஷூவுல அந்த வெள்ளை மண்ணு இன்னும் போகல. அம்மா மூணு தடவ துடைச்சுட்டா, காய்ஞ்சதும் திரும்ப பூத்து நிக்குது. அமெரிக்கால அந்த பாலைவனத்துல நம்ம எல்லாரையும் வினிகர் கலந்த தண்ணில காலு கழுவ சொன்னாங்கல்ல, அது ஞாபகம் வந்து வினிகர் ஊத்தி துடைச்சதும்தான் கொஞ்சம் அடங்குச்சு. இங்க ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. அருவங்காட்டுல மதியம் மூணு மணிக்கே மிஸ்ட் இறங்கி எதிர்வீட்டு கேட் கூட தெரியல.

போன்ல உன் ராக்கெட் பேச்ச எடுத்தாலே "விடுங்கப்பா, அம்மாகிட்ட குடுங்க"ங்கற. அதான் எழுதறேன். முழுசா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லணும், என்னைய நீ அங்க கூட்டிட்டு போனதுக்கு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன்னு உனக்கு தெரியாது. நெவாடால அந்த கெர்லாக் ஊர தாண்டி வண்டி ரோட்ட விட்டு அந்த பிளாக் ராக் பாலைவனத்துக்குள்ள இறங்கினப்ப எனக்கு பக்குன்னு இருந்துச்சு. ஒரு புல்லு இல்ல, ஒரு கல்லு இல்ல, என்னைக்கோ காய்ஞ்சு போன ஏரி, தரை பூரா பாளம் பாளமா வெடிச்சு கிடக்குது, மலைலயே பொறந்து மலைலயே வேலை பார்த்தவனுக்கு அவ்ளோ சமதரைய பார்த்தா எந்த பக்கம் திரும்பி நிக்கறதுன்னே தெரியல. மேல போனது எங்க விழுந்தாலும் யார் தலைலயும் விழாது, அதுக்குதான் இவ்ளோ தூரம் வர்றோம்னு நீ சொன்னப்பதான் புரிஞ்சுது.

நான் என்னமோ தீபாவளி மாதிரி ஆளாளுக்கு கொளுத்துவாங்கன்னு நெனச்சேன். பார்த்தா நம்ம வெடிமருந்து பேக்டரி ஒழுங்கு அப்படியே இருக்கு. ராக்கெட்ட டேபிள்ல வச்சதும் அந்த சேஃப்டி ஆபீசர் ராக்கெட் அடில இருக்கற இறக்கை, அந்த ஃபின் ஒவ்வொண்ணையும் பிடிச்சு ஆட்டி பார்த்தாரு, பேலன்ஸ் ஆகற எடம் எங்க, காத்து தள்ளற எடம் எங்கன்னு கேட்டாரு. நீ ஒட்டி வச்சிருந்த ரெண்டு ஸ்டிக்கரையும் காட்டினே, காத்து தள்ளற எடம் பின்னாடி இருந்தாதான் நேரா போகும்னு அங்கயே எனக்கும் சொன்னே. மோட்டார பத்த வைக்கற இக்னைட்டர் கடைசியாதான் உள்ள போகணும், அதுவும் ராக்கெட்ட ரெயில்ல நிமித்தி, உயரம் அளந்து பேராசூட்ட விடற அல்டிமீட்டர ஆன் பண்ணி, பீப் சத்தத்த காது வச்சு கேட்டதுக்கு அப்புறம்தான். எங்களுக்கு கேட்லயே தீப்பெட்டிய வாங்கி வச்சுக்குவாங்க. அந்த மாதிரி எடத்துல முப்பத்திநாலு வருஷம் இருந்தவன் நான், யார் பயந்து வேலை செய்யறாங்க, யார் மதிச்சு வேலை செய்யறாங்கன்னு கையப் பார்த்தாலே தெரியும். அங்க எல்லாரும் மதிச்சு செஞ்சாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீ நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு மோட்டார் அடைச்சியே, அது என் கண்ணுலயே நிக்குது. ஓ-ரிங், அந்த ரப்பர் வளையத்த ஒவ்வொண்ணா எடுத்து விரல்ல கிரீஸ் தடவி, வெளிச்சத்துல திருப்பி திருப்பி பார்த்து, மண்ணு ஒட்டியிருக்கான்னு ஊதி, அப்புறம்தான் உள்ள போட்டே. மோட்டாருக்குள்ள போற மருந்து உருளை, அந்த கிரெயின ஒண்ண எங்கிட்ட குடுத்தே. நாங்க செஞ்ச கார்டைட் நைட்ரோ செல்லுலோஸும் நைட்ரோ கிளிசரினும் சேர்ந்தது, அது வேற ஜாதி. இது அமோனியம் பெர்குளோரேட், அலுமினியம் பவுடர், அத ரப்பர்ல பிணைச்சு வச்சிருக்கு, தொட்டா பள்ளிக்கூடத்து அழிரப்பர் மாதிரி. நடுவுல ஓட்டை. அந்த ஓட்டைல பத்தி உள்ள இருந்து வெளிய எரிஞ்சுக்கிட்டே வரும்னு நீ சொல்ல ஆரம்பிச்சே, அப்புறம் "அப்பா உங்களுக்கு தெரியும்ல"ன்னு நிறுத்திட்டே. தெரியும் கண்ணு, ஆனாலும் நீ சொல்லி கேக்கணும்னு இருந்துச்சு.

மோட்டாருக்கு எச், ஐ, ஜேன்னு எழுத்து வச்சிருக்காங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் பலம் டபுள் ஆகும், ஜேன்னா 640-ல இருந்து 1,280 நியூட்டன் செகண்ட் வரைக்கும்னு அம்மாவுக்கு சொன்னேன். அவ "அப்ப எம்முக்கு எவ்ளோ ஆகும்"னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டா. கடைசி சர்டிபிகேட், அந்த லெவல் த்ரீக்கு அதுதானாம்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் உன் போட்டோவ எடுத்து பார்த்துட்டு இருந்தா.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

உன் ராக்கெட் நல்லாதான் போச்சு. மைக்ல அஞ்சு நாலு மூணுன்னு எண்ணி முடிச்சதும் அந்த சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடிச்சுது, நேரா கோடு போட்ட மாதிரி ஏறுச்சு. உச்சில சின்ன பேராசூட் வந்துச்சு, எல்லாரும் விரல நீட்டி காட்டிக்கிட்டே இருந்தாங்க. எழுநூறு அடில பெருசு வரணும். ஒரு பொட்டு வெள்ளை புகை வந்தத நானும் பார்த்தேன், அப்ப டியூப்ப பிரிச்சு பேராசூட்ட தள்ளற மருந்து வெடிச்சிருக்கு, ஆனா டியூப் பிரியவே இல்ல. சின்ன பேராசூட்டோடயே வேகமா வந்து டொப்புன்னு விழுந்துச்சு. போய் பார்த்தா ஒரு ஃபின் அடியோட பிளந்து கிடக்கு. நீ ஒண்ணும் பேசாம மண்டி போட்டு அல்டிமீட்டர் பீப்ப எண்ணினே, 6,084 அடி. நம்ம குன்னூர் உயரம்னு சொல்ல வந்தேன், உன் மூஞ்சிய பார்த்துட்டு சொல்லல. அடிபட்டு வந்தா சர்டிபிகேட் இல்ல, அதுதான் ரூல், சர்டிபிகேட்டுக்கு பார்க்க வந்த பெரியவரும் தலைய ஆட்டி பேப்பர திருப்பி குடுத்துட்டாரு.

ரீனோ வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் நீ வாயே திறக்கல. நானும் பேசல. நான் பேசாததுக்கு வேற காரணம் இருக்கு.

அன்னிக்கு காலைல வண்டி டிக்கில வச்சு நீ டியூப்ல கை டிரில்லால ஓட்டை போட்டத நான் பார்த்தேன். போன மாசம் நீ தரைல வச்சே மருந்த வெடிச்சு கிரவுண்ட் டெஸ்ட் பண்ணி வீடியோ அனுப்பினப்ப, டியூப்ப சேர்த்து பிடிக்க அதுல ரெண்டு நைலான் ஸ்க்ரூதான் இருந்துச்சு. அங்க வந்து நாலு போட்டே. உச்சில சின்ன பேராசூட் இழுக்கற இழுப்புல பெருசும் அப்பவே வெளிய வந்துட்டா காத்துல பல மைல் போயிடும்னு நீ பயந்தது தப்பில்ல. ஆனா மருந்து அதே அளவுதான. ரெண்டு ஸ்க்ரூவ அறுக்கறதுக்கு அளந்து வச்ச மருந்து நாலு ஸ்க்ரூவ அறுக்குமா, அதுக்கு மேல அந்த பவுடர் மண்ணு வேற ஜாயின்ட்ல ஏறி இறுக்கிடுச்சு. நாலாவது ஸ்க்ரூவ நீ திருகினப்ப "இதோட டெஸ்ட் பண்ணினியாம்மா"ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. பெரிய படிப்பு படிச்ச புள்ள, அதுக்கு தெரியாததா, நாலு பேர் முன்னாடி அப்பன் குறுக்க பேசினா நல்லாவா இருக்கும்னு முழுங்கிட்டேன். அது தப்பு. பேக்டரில ஒரு வாஷர் மாத்தினா கூட மறுபடி டெஸ்ட் பண்ணாம வேலைய தொடங்க மாட்டோம், புதுசா வந்த பசங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன், என் புள்ளைக்கு சொல்லல. ராத்திரி முழிப்பு வந்தா இதுதான் ஞாபகம் வருது. எம்மேல கோவம் இருந்தா கோவிச்சுக்கோ.

பக்கத்து டேபிள்ல இருந்த வயசானவர் சொன்னாருல்ல, அதே மண்ணுல இருந்து 2004 மே மாசம் சிவிலியன்களே செஞ்ச ராக்கெட் விண்வெளிக்கு போச்சுன்னு, நூறு கிலோமீட்டரையும் தாண்டிருச்சு. வந்து தேடி படிச்சேன். அதே குரூப் 2000-லயும் 2002-லயும் ஏத்தி பார்த்து ரெண்டும் ஆகல, 2002-ல மேல கிளம்பின கொஞ்ச நொடிலயே வெடிச்சிருக்கு. நீ அந்த டியூப்ப கட்டிலுக்கு அடில தள்ளி வச்சிருக்கேன்னு அம்மா சொன்னா. வெளிய எடு. ஃபின்ன மாத்தி ஒட்டு, எபாக்சி காய நாள் விடு, அவசரப்படாத. ஸ்க்ரூ எத்தனைன்னு இப்பவே முடிவு பண்ணி அதோடயே மருந்த கூட்டி டெஸ்ட் பண்ணு, ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஜாயின்ட்ட மெல்லிசா தேய்ச்சுவிடு, அங்க போனதும் துணியால துடைச்சுட்டு சொருகு.

டெஸ்ட் பண்றப்ப வீடியோ கால் போடு. இங்க நடு ராத்திரியா இருந்தாலும் பரவால்ல, நான் முழிச்சிருப்பேன், இந்த தடவ கேட்டுடறேன். வர்க்கி ரெண்டு பாக்கெட்டும் அம்மா போட்ட எலுமிச்சங்கா ஊறுகாயும் திங்கக்கிழமை பார்சல் போடறேன், மழை விட்டா.

அப்பா