ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடுகிறது. கோப்பை வாங்கிய பிறகு நன்றி சொல்வதுதான் ஊர் வழக்கம். கோப்பை வருமா என்று பயிற்சி கொடுக்கிற எனக்கே தெரியாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன சீசனில் நாங்கள் பட்ட பாடு கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது நாங்கள் பயந்தது காற்றுக்கு. காற்று மைதானத்தை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை நேராக வந்து எங்கள் மைதானத்தில் படுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல். கோல் வலையைக் காணோம். ஸ்டோர் ரூமில் இருந்த பூட்ஸ் எல்லாம் சேற்றில் ஊறி, அடி தனியாக மேல் தனியாக வந்துவிட்டன. ஜனவரி முழுக்க சிமென்ட் தரையில் பயிற்சி எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே 5-0. பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். அது இன்னும் கோப்பில் இருக்கிறதாம். சரி, இருக்கட்டும்.

மைதானத்தைத் திருப்பிக் கொடுத்தவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். வேலி ஓரமாக நின்று ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதையா குப்பைங்கிறீங்க? எனக்குக் கொடுங்கம்மா" என்றார். தன் டிராக்டரிலேயே வாரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு வயல், எங்களுக்கு மைதானம். ஒரே சிக்கல், டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம். அதைச் சாலை வேலைக்கு வந்திருந்த ரோலர் ஓட்டுநர், தன் சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் வந்து சமன் செய்தார். தம்பி, நீங்கள் இப்போது எந்த ஊர்ச் சாலையில் இருக்கிறீர்களோ தெரியவில்லை; இது உங்கள் கண்ணில் பட வேண்டும். மைதானத்தின் நீளம் 92 மீட்டர். விதிப்படி குறைந்தபட்சம் 90 வேண்டும். இரண்டு மீட்டர் உபரி, அவ்வளவுதான் எங்கள் சொத்து.

அப்புறம் வலை. புது கோல் வலைக்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற அண்ணனிடம் போய் நின்றேன். கம்பத்தின் அளவைச் சொன்னேன்: 24 அடி அகலம், 8 அடி உயரம். வலையின் கண், அதாவது ஓட்டை, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார். நான் கையை விரித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இந்தக் கண்ணுல ஒரு கானாங்கெளுத்திகூட நிக்காதே டீச்சர்!" பிறகு பந்தை வாங்கி, சாண் போட்டு அளந்து, தரையில் வைத்து ஒரு முறை உருட்டிப் பார்த்தார். படகு வேலை முடிந்த சாயங்காலங்களில், திண்ணையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் நைலான் கயிற்றை மாட்டிக்கொண்டு பின்னினார். ஊசி போய் வருகிற வேகத்தை எங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு வலைக்கும் நூல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கூலிக்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்று: எட்டாவது படிக்கிற அவர் மகள் சாயங்காலம் மைதானத்துக்கு வரலாமா? வருகிறாள். எங்கள் கோல்கீப்பருக்குப் பந்து எடுத்துப் போடுகிறாள். ஒரு நாள் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்று இவளை நிறுத்தினோம். அண்ணன் பின்னிய வலைக்கு அன்று அதிக வேலை இல்லை.

பழைய மாணவிகள் 11 ஜோடி பூட்ஸ் அனுப்பினீர்கள். பாதிக்கு அளவு பெரிது. முனையில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். புகார் இல்லை, தகவல். கேன்டீன் அக்கா, காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளுக்கு நீங்கள் போட்ட பாசிப்பயறுச் சுண்டலும் முட்டையும் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை என்று எனக்குத் தெரியும். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் அனுப்பிய அன்பருக்கும் நன்றி. அன்று மாலைப் பயிற்சியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோருக்கு என்ன சொல்வது? "பந்து உதைச்சு என்ன ஆகப்போகுது" என்று கேட்டவர்கள் நீங்கள். கேட்டது தப்பில்லை. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்ப் பெண்தான் என்று நான் சொன்னபோது நீங்கள் பெரிதாக அசையவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியதைச் சொன்னபோதும் அப்படித்தான். ஆனால் மழையில் நனைந்து வந்த மகளின் ஜெர்சியைத் துவைத்து, அடுப்புப் பக்கம் காயப்போட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்குக் கொண்டுவந்து விட்டவர்களும் நீங்கள்தான்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே, காலை ஏழு மணிக்கு. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களும் வந்து பார்க்கலாம். வலை அண்ணன் மட்டும் கொஞ்சம் முன்னதாக, ஊசியோடு வரவேண்டும். வடக்குக் கோலில் இடது மூலையில் இரண்டு கண் விட்டிருக்கிறது.

அன்புடன்,
உடற்கல்வி ஆசிரியை,
பெண்கள் கால்பந்து அணிக்காக,
கடலூர்