மிடிவெர்பைத் திறப்பதற்கு முன்

மச்சான்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே முட்டிவலி தவிர வேறு குறை ஒன்றுமில்லை. சாயங்காலம் கிதாரை எடுத்தால் ராத்திரி சாப்பாடு வரை கீழே வைப்பதில்லை, வீட்டில் திட்டுதான்.

நீ வாங்கியது அலெசிஸ் மிடிவெர்ப், அதாவது கிதார் ஒலிக்கு ரிவெர்ப் (எதிரொலி) சேர்க்கிற பெட்டி, என்று படித்ததும் பொறாமையாக இருந்தது. 1986ல் வந்த பெட்டி. அதை வடிவமைத்த கீத் பார், எம்எக்ஸ்ஆர் என்ற கிதார் எஃபெக்ட் பெடல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். டிஜிட்டல் ரிவெர்ப் என்றால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டாலர் என்றிருந்த காலத்தில், 400 டாலருக்குள் ஒன்றைச் செய்துகாட்டினார். உள்ளே பெருக்கல் செய்யும் சர்க்யூட்டே கிடையாது! கூட்டுவது, கழிப்பது, பாதியாக்குவது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே 63 விதமான எதிரொலிகளை எழுதியிருக்கிறார் மனுஷன். எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

ஆப்-ஆம்ப் ஐசிகளை (சிக்னலைப் பெருக்கும் சிப்புகள்) எல்லாம் கழற்றிவிட்டு நல்லதாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்தப் பெட்டி நொடிக்குச் சுமார் 23,000 தடவைதான் ஒலியை அளக்கிறது. அதனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையான ஒலிகளை ஃபில்டர் வெட்டிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த ஐசி போட்டாலும் வெட்டியது திரும்பி வராது. கிதார் ஆம்ப்பின் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினால் சோர்ந்துவிடும், அப்புறம் எதற்கு அந்தச் செலவு? எதிரொலி தேய்ந்து மறைகிற வால் பகுதியில் வருகிற கரகரப்புக்காகத்தான் ஜனங்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஹம் (இரைச்சல்) வருகிறது என்றாயே, முதலில் அடாப்டரைப் பார். இதற்கு 9 வோல்ட் ஏசி வேண்டும். பெடலுக்குப் போடுகிற டிசி அடாப்டரைச் செருகாதே. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வோல்டேஜையும் உள்ளே அந்த ஏசியிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் 9-0-9 டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். 1 ஆம்பியர் வாங்கி, நடு வயரையும் ஓர வயர் ஒன்றையும் எடுத்துக்கொள். மூன்றாவது வயரை டேப் சுற்றி மூடிவிடு. வீட்டுக் கரண்ட் நுழையும் பிரைமரி பக்கம் ஒரு ஃபியூஸ் அவசியம். அதற்குப் பிறகும் ஹம் நிற்கவில்லை என்றால் பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்று. வயது ஏறக்குறைய நாற்பது, உள்ளே காய்ந்திருக்கும். 105 டிகிரி வரை சூடு தாங்குகிற வகை போடு. வோல்டேஜ் பழையதைவிடக் குறையக் கூடாது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்று கை அரித்தால் கிளாக்கை (உள்ளே வேலையின் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பை) தொடு. இந்த மாதிரிப் பெட்டிகளில் நேரம் எல்லாமே ஒரு கிரிஸ்டலிலிருந்து வருகிறது. அதன் வேகத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் ரிவெர்ப் ஒன்றரை மடங்கு நீளும், சத்தம் இன்னும் மங்கி இருட்டாகும். மெதுவாக வாசிக்கிற உனக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மிடி (கீபோர்டு போன்றவற்றோடு பேசுகிற இணைப்பு) ஒருவேளை வேலை செய்யாமல் போகலாம், நீ அதைத் தொடப்போவதில்லையே. ரொம்பவும் குறைத்துவிடாதே, உள்ளே இருப்பது டைனமிக் மெமரியாக இருந்தால், கிளாக் மெதுவாகி அடிக்கடி புதுப்பிக்க முடியாமல் போனால் வைத்ததை மறந்துவிடும். கிரிஸ்டலை நேரடியாக சால்டர் செய்யாமல் ஒரு சாக்கெட் வைத்துச் செருகு. பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்பப் போடலாம். பலகையின் செம்பை அறுக்கிற மாற்றம் எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 63 எதிரொலிகளும் ஒரு ரோம் ஐசிக்குள்தான் (புரோகிராமை நிரந்தரமாக வைத்திருக்கும் சிப்) இருக்கின்றன. அது கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராமாக (ஒளியால் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய வகை) இருந்தால், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதே, வெளிச்சம் பட்டால் மெல்ல அழியும். கெப்பாசிட்டர் கெட்டால் கடையில் கிடைக்கும், இது கெட்டால் கீத் பாரைத் தேடிப் போக முடியாது, 2010லேயே போய்விட்டார். சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, கறுப்பு ஆன்டி-ஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி எனக்கு அனுப்பு. ஐசியைப் படித்து எழுதுகிற புரோகிராமர் கருவி என்னிடம் இருக்கிறது. ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டு, புது ஐசி ஒன்றிலும் நகல் எடுத்துத் தருகிறேன். பலகையிலேயே சால்டர் செய்திருந்தால் நீ கழற்ற வேண்டாம், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பெட்டியோடு கொண்டு வா.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய ரிதம் கிதாரிஸ்ட்