இம்பர் கிராமத்தில் வரலாற்றுப் பலகைகள் நிறுவக் கோரும் மனு

அனுப்புநர்:
வில்ட்ஷயரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர்

பெறுநர்:
மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்கள்,
ஐக்கிய இராச்சிய அரசு, லண்டன்

பொருள்: சாலிஸ்பரி சமவெளியிலுள்ள இம்பர் ஊரின் சாலையோரம் பலகைகள் வைக்கவும், நவம்பர் 1 அன்று ஊரைத் திறக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். வார்மின்ஸ்டருக்குக் கிழக்கே, சுண்ணப்பாறை மேடுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஒரு சிற்றோடையை ஒட்டி நீளவாக்கில் அமைந்திருந்த ஊர் இம்பர். 1086-ஆம் ஆண்டு டூம்ஸ்டே என்னும் இங்கிலாந்து நிலக் கணக்கெடுப்புப் பதிவேட்டிலேயே இடம்பெற்ற இவ்வூர் எந்தப் பட்டணத்துக்கும் ஏழு மைல் தொலைவு என்று அவ்வட்டாரத்துப் பழம்பாட்டு சொல்லும். அந்தத் தனிமையே பின்னாளில் இராணுவத்துக்கு வசதியாகிவிட்டது.

1920-களின் இறுதியிலிருந்து போர்த்துறை சுற்றுவட்டார நிலங்களை விலைக்கு வாங்கிவந்ததால், ஊராரில் பெரும்பாலோர் அத்துறையின் வாடகைதாரர்களாகவே இருந்தனர். ஆகவே 1943 நவம்பர் 1 அன்று பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கூட்டி, அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்காக 47 நாட்களுக்குள் வெளியேற வேண்டுமென்று அறிவித்தபோது, மறுத்துப் பேச அவர்களுக்குச் சட்டப்பூர்வமான பிடிமானம் ஏதும் இருக்கவில்லை. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பியே சுமார் 150 பேர் புறப்பட்டனர். அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. 1961-இல் ஏறத்தாழ 2,000 பேர் ஊருக்குள் திரண்டு, ஊரார் திரும்பிவரும் உரிமை கோரியும், அதன்பின் நடந்த பொது விசாரணை இராணுவத்துக்கே சாதகமாக முடிந்தது. ஆண்டுதோறும் தேவாலயத்தில் வழிபாடு நடத்த மட்டும் வழி பிறந்தது.

13-ஆம் நூற்றாண்டுப் பழமையுடைய புனித ஜைல்ஸ் தேவாலயம் இன்று நன்கு பராமரிக்கப்படுகிறது. அதற்காக நன்றி கூறுகிறோம். ஆனால், இன்றும் இராணுவப் பயிற்சிக்களத்துக்குள் இருக்கும் இவ்வூர் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் சில நாட்களில் வருவோர், வெடிக்காத குண்டுகளின் அபாயத்தால் சாலையைவிட்டு விலக முடியாது. பயிற்சிக்காக இராணுவம் பின்னாளில் கட்டிய வெற்று வீடுகளையே பழைய ஊரென்று பலர் எண்ணிவிடுகின்றனர். பெல் விடுதி எது, கொல்லன் பட்டறை எங்கிருந்தது, எந்த மனையில் எக்குடும்பம் வாழ்ந்தது என்பதை அவர்கள் அங்கேயே அறியும்படி சாலையோரம் பலகைகள் வைத்தால், பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் இடையூறு வராது. குடும்பங்களின் பெயர்களை அவர்தம் வழித்தோன்றல்களைக் கேட்டே பொறிக்க வேண்டும்.

மேலும், வெளியேற்ற அறிவிப்பு வெளியான நவம்பர் 1 அன்று ஆண்டுதோறும் சாலையையும் தேவாலயத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஆணையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வில்ட்ஷயர் வாழ் தமிழ்க் குடும்பத்தினர்