வலை மடியில் மீன் விழுந்த பிறகே பங்கு: தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் உடைய தயாரிப்பாளர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரையரங்குகளில் படம் ஓட்டும் ஒபரேட்டராக வேலை பார்த்தவன் நான். உங்கள் படங்களையும் உங்களுக்கு முந்திய தலைமுறையின் படங்களையும், அவற்றை எடுத்தவர்களைவிடக் கூடுதலான தடவை பார்த்திருக்கிறேன் என்று துணிந்து சொல்வேன். ஒரு படம் மூன்று கிழமை ஓடினால், நாளுக்கு மூன்று காட்சி என்று வைத்தால்கூட, அறுபது தடவைக்கு மேல் அது என் கண் முன்னால் ஓடி முடிந்திருக்கும்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் தகரப் படப்பெட்டி வரும். விடியப் போய் இறக்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, ரீல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, அறுந்த இடங்களை ஒட்டி, பகல் காட்சிக்கு ஆயத்தமாக்குவேன். அந்தப் பெட்டியின் பாரத்தை என் தோள் இன்னும் மறக்கவில்லை. இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. படம் கணினித் தட்டில் வருகிறது. பாரம் குறைந்துவிட்டது, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு படத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் என்று பத்திரிகைகளில் படிக்கிறேன். அந்தச் செலவுக்கு அந்தப் படங்கள் பெறுமதியா என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

புரொஜெக்டர் அறையில் ஒரு சிறிய சதுரத் துவாரம் இருக்கும். அதற்குள்ளால் பார்த்தால் திரையும் தெரியும், திரைக்கு முன்னால் இருக்கும் தலைகளும் தெரியும். நான் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். பெருஞ்செலவில் எடுத்த சண்டைக் காட்சிக்கு முதல் நாள் விசில் பறக்கும். நான்காம் நாள் அதே காட்சியில் ஆட்கள் தேநீருக்கு எழுந்து போவார்கள். செலவே இல்லாமல், ஒரு தாய் வாசற்படியில் உட்கார்ந்து மகனுக்காகக் காத்திருக்கும் காட்சியில் மூன்றாவது கிழமையும் ஒரு தலைகூட அசையாது. திருக்கடலூரில் இருந்து வரும் கடற்றொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் பட்ட நாட்களில் கலரி, அதாவது மலிவு டிக்கெட் பகுதி, நிறைந்துவிடும். அவர்களை ஏமாற்ற முடியாது. அட்டையில் செய்த அலையை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துச் சத்தம் போடுவார்கள்.

இதை வைத்து நான் பெரிய படங்களுக்கு எதிரானவன் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய திரையில் பெரிய காட்சி ஓடும்போது மயிர்க்கூச்செறிந்து நின்றவன் நான். உங்கள் ஊரில், எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா'வை ஐந்து ஆண்டுகள் பாடுபட்டு எடுத்து 1948இல் வெளியிட்டார். அன்றைய இந்தியாவில் அதற்கு முன் எந்தப் படத்துக்கும் அவ்வளவு பணம் கொட்டப்படவில்லை. ஏறக்குறைய முப்பது இலட்சம் ரூபாய் என்பார்கள். பழைய படங்கள் போடும் ஒரு காலத்தில் நானும் அதை ஓட்டினேன். முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடும் அந்த நடனம் வரும்போது, கீறல் விழுந்த பழைய பிரதியிலும் அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அங்கே செலவான ஒவ்வொரு ரூபாயும் திரையில் நிற்கிறது. முரசாக நிற்கிறது, ஆடுபவரின் வியர்வையாக நிற்கிறது.

அதேபோல 1975இல் அமெரிக்காவில் வந்த, ஆளைத் தின்னும் சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படம். எங்கள் ஊருக்கு அது சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. கோடை காலத்தில் நாடெங்கும் ஒரே நாளில் வெளியிட்டுப் பெருவசூல் அள்ளும் வழக்கத்துக்கு அந்தப் படமே வழிகாட்டி என்று பிற்பாடு படித்தேன். ஆனால் அது நன்றாக வந்ததற்குக் காரணம் பணம் அல்ல. பெரும் பணத்தில் செய்த இயந்திரச் சுறா உப்புநீரில் இறங்கியதும் பழுதாகிப் பழுதாகிப் படப்பிடிப்பையே இழுத்தடித்தது. 55 நாளில் முடிக்க எண்ணியது 159 நாளாயிற்று. செலவும் இரண்டு மடங்குக்கு மேல் போனது. சுறாவைக் காட்ட முடியாத இயக்குநர் கடலைக் காட்டினார். வெறும் கடலை! எங்கள் ஆட்கள் நாளாந்தம் பார்க்கும் அதே நீர்ப்பரப்பை. அடுத்த நாள் டச்சுக் குடாவில் குளிக்கப் போன பையன்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊர்ப் பெருமை. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடியவர். அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சன் 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். முதலாவது சிங்கள வண்ணப் படம் அது. கிளார்க்கும் அதற்குப் பணம் போட்டார். திருகோணமலைக் கடலுக்குள் கமரா இறங்கியது. சில ஆண்டுகள் கழித்து அதே கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து விண்வெளிப் படம் ஒன்றுக்குக் கதை எழுதினார். 1968இல் வெளிவந்த அதற்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் செலவாயிற்று. ஒன்று சிறிய முதல், மற்றது மலை போன்ற முதல். இரண்டிலும் பணம் போன இடம் ஒன்றுதான்: மனிதர் அதுவரை காணாததைக் கண்முன் கொண்டுவருவது. அப்படிச் செலவழித்தால் நான் கணக்குக் கேட்கவே மாட்டேன்.

இப்போது உங்கள் பணம் அங்கே போகிறதா?

2024 ஜூலையில் உங்கள் தயாரிப்பாளர் சங்கமே கூடி, நடிகர் ஊதியமும் படச் செலவும் கட்டுக்கு மீறி ஏறிவிட்டன, நவம்பரில் படப்பிடிப்புகளை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சீர்படுத்த வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். எங்களுக்கு அறுபது காட்சியில் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. கதாநாயகர் ஒருவருக்கே நூறு கோடிக்கு மேல் என்கிறார்கள். முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பே பெரும் பங்கு கைமாறிவிடுகிறது. மீதியில் எழுத்தாளருக்கு எவ்வளவு, கலை இயக்குநருக்கு எவ்வளவு, கணினி முன் இரவு பகலாக இருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பெரிய படம் என்று டிக்கெட் வாங்கி உள்ளே வந்தால், படை திரண்டு வரும் காட்சியில் ஒரே மாதிரியான நூறு குதிரைகள் ஒரே மாதிரிக் கால் தூக்குகின்றன.

எங்கள் கரையில் ஒரு தொழில் இருக்கிறது. கரைவலை. என் தாய்மாமன் நிலாவெளிப் பக்கத்தில் வலை இழுத்தவர். சிறுவனாக நானும் கம்பான், அதாவது வலை இழுக்கும் கயிறு, பிடித்திருக்கிறேன். வலை, படகு, கயிறு எல்லாம் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முதல். அது சிறிய முதல் அல்ல. நகை அடகு வைத்து வலை கட்டிய சம்மாட்டிமாரை எனக்குத் தெரியும். விடியற்காலை படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வரும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். கடைசியில் மீன் சேரும் வலைப் பையான மடி கரையேறும்போதுதான் தெரியும், மீனா பாசியா என்று. மீன் விற்ற பிறகு செலவைக் கழிப்பார்கள். மீதியில் வலைக்குப் பங்கு, சம்மாட்டிக்குப் பங்கு, இழுத்த ஒவ்வொருவருக்கும் பங்கு. மீன் படாத நாளில் சம்மாட்டிக்கும் இல்லை, இழுத்தவனுக்கும் இல்லை. எல்லாரும் ஒன்றாகத்தான் வெறுங்கையோடு வீடு போவார்கள். அதனால்தான் அடுத்த நாள் எல்லாரும் மறுபடியும் வருவார்கள்.

உங்கள் வலையில் ஒருவர் மட்டும், வலை கடலில் விழுமுன்பே தன் மீனை எடுத்துக்கொண்டு போகிறார். மடி வெறுமையாகக் கரையேறினால் வெயிலில் நிற்பவர்கள் மற்றவர்கள். முதல் போட்ட நீங்கள், முன்பணம் கொடுத்த விநியோகஸ்தர், எங்கள் ஊரைப் போன்ற சிறு ஊர்களில் ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு தவிக்கும் அரங்கு உரிமையாளர். நான் வேலை செய்த ஓர் அரங்கில், பெருவிலைக்கு எடுத்த படம் ஒன்று இரண்டாம் நாளே விழுந்தபோது, முதலாளி எங்களுக்குச் சம்பளம் தர மனைவியின் காப்பை விற்றார். அவர் பேரை எழுத மாட்டேன். அந்தக் காப்பு எனக்குத் தெரியும்.

ஹொலிவூட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது, நம்மைவிடப் பெரிய அளவில். 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புலியையும் கடலையும் கணினியில் உயிர்ப்பித்த நிறுவனம், 2013இல் அதற்கு ஒஸ்கார் விருது கிடைப்பதற்குச் சுமார் இரண்டு கிழமைக்கு முன்னால் வங்குரோத்தானது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விருது மேடையில் அந்தக் குழுவின் தலைவர் அதைச் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்தது என்று இசை எழுப்பி அவரை நிறுத்தினார்கள். ஒலித்த இசை, 'ஜாஸ்' படத்தின் சுறா இசை. படம் உலகெங்கும் பெருவசூல் கண்டது. புலியைச் செய்த கைகளுக்கு அதில் பங்கு இல்லை. 2022இல் இன்னும் கொடியது நடந்தது. 'பேட்கேர்ள்' என்ற படம், ஏறத்தாழ 90 மில்லியன் டொலர் செலவழித்துப் பெரும்பகுதி முடிந்த நிலையில், வெளியிடாமலே மூடப்பட்டது. வெளியிடுவதைவிட வரிக் கணக்கில் நட்டம் காட்டுவது இலாபமாம். இத்தனை பேர் உழைத்த படம் ஒன்று ஒரு திரையிலும் ஏறாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒபரேட்டரின் மனம் அப்படி.

அங்கேயும் நேர்மையான கணக்குக்கு ஆள் இருந்திருக்கிறார். 'டைட்டானிக்' எடுத்தபோது செலவு 200 மில்லியன் டொலரைத் தொட, இயக்குநர் ஜேம்ஸ் கமரூன் தன் ஊதியத்தை விட்டுக்கொடுத்தார். கப்பல் திரையில் பெரிதாக நிற்பதற்காகத் தன் பங்கைப் பின்னுக்கு வைத்தார். அதுதான் சம்மாட்டி மனம். ஜப்பானில் 2023இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தையும் பாருங்கள். 15 மில்லியன் டொலருக்கும் குறைந்த செலவு. கணினிக் காட்சிகளைச் செய்தவர்கள் 35 பேர். இயக்குநர் தகாஷி யமசாகியே அவர்களோடு இருந்து அந்தக் காட்சிகளை மேற்பார்வை செய்தார். அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் கொட்டியவர்களைத் தாண்டி, காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் அவர்களிடம் போனது. பேரன் அதைக் காட்டினான். கடலில் வள்ளத்தை அந்த மிருகம் துரத்தும் இடத்தில் நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே ஒரு குடும்பம் திரையரங்குக்குப் போய் வருவது இலேசான செலவு அல்ல. நான்கு பேர் போனால் ஒரு கிழமைச் சந்தைக் காசு போய்விடும். ஆகவே மக்கள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் பார்க்கிறார்கள். அந்த ஒன்றும் பெரிய படமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது வந்த கிழமையில் எல்லாக் காட்சியும் அதற்கே போய்விடுகிறது. உங்கள் நாட்டில் குறைந்த செலவில் எடுத்த எத்தனையோ நல்ல படங்கள் இங்கே திரையைத் தொடாமலே போகின்றன. எங்கள் பிள்ளைகள் எடுக்கும் படங்களின் கதி இன்னும் மோசம். 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தன் பணத்தைப் போட்டுக் 'குத்துவிளக்கு' எடுத்தார். அன்றும் தென்னிந்தியப் படங்களின் நிழலில்தான் எங்கள் படங்கள் நின்றன, இன்றும் அப்படித்தான். கடன் வாங்கிக் கமரா எடுத்துச் சம்பூரிலும் மூதூரிலும் கதை பிடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் படத்தைக் காட்டப் பாடசாலை மண்டபத்தைத் தேடி அலைகிறார்கள்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. உங்கள் அடுத்த பெரிய படத்தின் ஒப்பந்தத்தில், கதாநாயகரின் ஊதியத்தில் பெரும்பகுதியை வசூலில் பங்காக எழுதுங்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற பெரிய நடிகர் 1950இலேயே அதற்கு இணங்கினார். அதனால் அவர் குறைந்துபோகவில்லை. கணினிக் காட்சி செய்யும் பிள்ளைகளின் கூலியை மட்டும் எந்தப் பங்குக்கும் காத்திருக்க வைக்காதீர்கள், அவர்களுக்கு முழுதாக முதலிலேயே கொடுங்கள். எங்கள் நாட்டுக்குப் படத்தை விற்கும்போது, நாளுக்கு ஒரு காட்சியை வேறு படத்துக்கு விடலாம் என்று ஒரு வரி சேருங்கள். நாலு காட்சியில் ஒன்று போனால் பெரிய படம் சாகாது. அந்த ஒன்றில் எங்கள் பிள்ளைகள் பிழைப்பார்கள்.

சித்திரை கழிந்தால் இங்கே கடல் அடங்கிவிடும். உங்களில் எவராவது வந்தால், விடியுமுன்பே நிலாவெளிக்குக் கூட்டிப் போகிறேன். கம்பான் பிடித்து ஒரு வலை இழுத்துவிட்டு, மணலில் மீன் கொட்டிப் பங்கு பிரிக்கும் வரை நின்று பாருங்கள். உங்கள் பங்கையும் தருவார்கள். சமைத்துத் தர என் வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் படங்களை ஓட்டிய ஒபரேட்டர் ஒருவன்,
திருகோணமலை.