டிக்கெட்டும் தராமல் பணமும் தராமல் கூப்பன் அனுப்பும் இணைய நிறுவனத்தின் மீது விசாரணை கோரும் மனு

நாள்: 16.06.2025

அனுப்புநர்:
மளிகைக் கடை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: டிக்கெட் மறுவிற்பனை செய்யும் இணைய நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது – நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 16-இன் கீழ் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரலில் சேப்பாக்கம் மைதானத்தில் நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு, மறுவிற்பனை இணையதளம் ஒன்றில் நான்கு டிக்கெட் எடுத்தேன். சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ரூ. 19,260. அசல் விலையைவிடக் கூடுதல் என்று தெரிந்தேதான் எடுத்தேன், அதை மறைக்கவில்லை. பையன்கள் இருவரும் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘டிக்கெட் நூறு சதவீதம் உறுதி’ என்று பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

கடையை மச்சானிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குப் பஸ் ஏறினோம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு டிக்கெட் போனுக்கு வரும் என்றார்கள். வரவில்லை. கேட்டுக்கு வெளியே நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளேயிருந்து ஒரே கூச்சல். சின்னவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, யாருப்பா அவுட்டு?” என்று கேட்கிறான். இரவு 8.10-க்கு மெசேஜ் வந்தது: விற்பவர் டிக்கெட்டை மாற்றித் தராததால் ஆர்டர் ரத்து. மறுநாள் ஒரு கூப்பன் வந்தது. ஆறு மாதத்துக்குள் அவர்களிடமே வேறு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமாம். வராத டிக்கெட்டுக்கு ஈடாக இன்னொரு வராத டிக்கெட்.

கூப்பன் வேண்டாம், பணம் வேண்டும் என்று அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு மூன்று முறை எழுதினேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ஒரு மாதம் எப்போதோ ஓடிவிட்டது. ‘நாங்கள் வெறும் இடைத்தளம், விற்றவர் வேறொருவர்’ என்று ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சரி, விற்றவர் யார் என்று எழுதிக் கேட்டேன். வாங்கியவர் கேட்டால் விற்றவரின் விவரத்தைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதற்குப் பதிலே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பிறகும் நிறுவனம் அந்தக் கூப்பனையே காட்டியது.

பிளாக்கில் வாங்கினால் இப்படித்தான் என்று கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். பில் போட்டு, வரியும் பிடித்துக்கொண்ட ஒரு கம்பெனியை மைதான வாசலில் டிக்கெட் விற்கும் ஆளோடு எப்படிச் சேர்க்க முடியும்? குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது.

வழக்கு விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். போகத்தான் போகிறேன். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே என் பணம் மட்டும்தான் வரும். இதே நிறுவனத்திடம் இதே கூப்பனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னும் இரண்டு பேரை எனக்கே தெரியும், ஒருவர் முதுநகர், ஒருவர் நெல்லிக்குப்பம். பத்தொன்பதாயிரத்துக்கு யார் கோர்ட்டுக்கு அலையப் போகிறார்கள் என்பதுதான் நிறுவனத்தின் தைரியம்.

ஆகவே, பல நுகர்வோரைப் பாதிக்கும் உரிமை மீறலாக இதை எடுத்துக்கொண்டு, பிரிவு 16 தங்களுக்குத் தந்துள்ள அதிகாரத்தின்படி விசாரித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கிடையில், மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் வழியாக நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு, எங்கள் மூவரின் பணத்தையும் பணமாகவே திருப்பித் தரச் சொல்ல வேண்டும். மனுவை வேறு அலுவலகத்துக்கு மாற்றினால் அந்த விவரத்தை எனக்கும் தெரிவிக்கவும்.

நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளன. விசாரணைக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் கடையை மூடிவிட்டு வருகிறேன். அன்று இரவு வந்த மெசேஜ் எதையும் இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, மின்னஞ்சல் நகல்கள், 1915 புகார் எண், மற்ற இருவரின் கடிதங்கள்.